செத்தவன் திரும்பி வந்தான், நட்சத்திரம் காணாமல் போனாள்! எல்லையோரக் கதைமாந்தர்கள் பற்றி இதெல்லாம் தெரியுமா?

களியக்காவிளையைத் தாண்டி பஸ் கொஞ்சம் வேகம் பிடித்தாலே போதும், கடைப் பலகைகளில் எழுத்து மாறிவிடும். பாறசாலை, அமரவிளை, நெய்யாற்றின்கரை என்று சாலை வடக்கே ஓடுகிறது. எல்லைக்கு இந்தப் பக்கம் மலையாளம் கலந்த தமிழ். அந்தப் பக்கம் தமிழ் கலந்த மலையாளம். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் வரை அளந்தாலும் ஏறத்தாழ 65 கிலோமீட்டர்தான். இந்தத் துண்டு நிலத்திலும் அதன் அக்கம்பக்கத்திலும் பிறந்த கதைமாந்தர்களை வரிசையாக நிறுத்திப் பாருங்கள், மலைத்துப் போவீர்கள்! பைத்தியமாக நடித்தவன், பெயரை இழந்தவள், தன் வீட்டையே விற்றுத் தின்றவர், இல்லவே இல்லாத எழுத்தாளன்…

இவர்களில் ஒருவர்கூட ஆளில்லாத தீவில் அகப்பட்டவர் அல்ல. சுற்றிலும் சொந்தம் இருக்கிறது, கோயில் இருக்கிறது, சந்தை இருக்கிறது. இருந்தும் தனி! காரணம் என்ன தெரியுமா? அவர்கள் யார் என்பதை அவர்களைத் தவிர மற்ற எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். வாருங்கள், ஒவ்வொருவராகப் பார்ப்போம்.

1. ஒரு பலாமரம் ஓர் இளவரசனை விழுங்கி வைத்திருந்தது, தெரியுமா?

நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் ஒரு பழைய பலாமரத்தின் அடித்தண்டு இருக்கிறது. பெயர் அம்மச்சிப்பிலாவு. உள்ளே ஓர் ஆள் நுழையும் அளவுக்குப் பொந்து! எட்டுவீட்டுப் பிள்ளைமார் என்ற பிரபுக்கள் உயிரைக் குறிவைத்துத் துரத்தியபோது இளவரசர் மார்த்தாண்டவர்மா இந்தப் பொந்துக்குள் பதுங்கித்தான் பிழைத்தார் என்பது ஊர் நம்பிக்கை. அந்த நன்றிக்குத்தான் பின்னாளில் இங்கே கோயில் எழுப்பினார் என்றும் சொல்கிறார்கள்.

1729 முதல் 1758 வரை திருவிதாங்கூரை ஆண்டவர் இவர். பட்டத்துக்கு வருமுன் அவருக்கு வாய்த்த வாழ்க்கையோ ஊர் ஊராக, வேடம் வேடமாக ஓடியது! நாட்டுக்கே உரியவன், ஒரு திண்ணையில்கூடத் தன் பெயரைச் சொல்லிப் படுக்க முடியவில்லை. எல்லையோர இலக்கியத்தின் முதல் தனியனை இந்த மரம்தான் தூக்கிக் கொடுத்தது. அவனைப் பிடித்துக்கொண்டவர் யார் என்றுதானே கேட்கிறீர்கள்? அடுத்ததைப் படியுங்கள்.

2. மலையாளத்தின் முதல் வரலாற்று நாவலில் கதாநாயகன் 'செத்துப்போனவன்', தெரியுமா?

சி.வி. ராமன்பிள்ளை எழுதிய 'மார்த்தாண்டவர்மா' வெளிவந்த ஆண்டு 1891. மலையாள நாவல்தான், ஆனால் அச்சானது சென்னையில்! தலைப்பில் அரசன் பெயர் இருந்தாலும் கதையைச் சுமப்பவன் அனந்தபத்மநாபன். பஞ்சவன்காட்டில் அவனை வெட்டிப் போடுகிறார்கள். ஊர் அழுது முடித்துவிடுகிறது. அவனோ பிழைத்து எழுந்து, பிராந்தன் சான்னான் என்ற பைத்தியக்காரனாக அதே ஊரில் அலைகிறான். இன்னோர் இடத்தில் ஷம்சுதீன்! ஜாதி மாறுகிறது, மதம் மாறுகிறது, பேச்சு மாறுகிறது. தன்னையே நினைத்து உருகும் காதலி பாறுக்குட்டி இருக்கும் ஊரில், 'நான்தான் அவன்' என்று சொல்ல மட்டும் வழியில்லை.

இவனைவிடத் தனியானவள் ஒருத்தி அந்த நாவலில் உண்டு: சுபத்ரா. வீண் சந்தேகத்தால் கணவன் விட்டுப் போகிறான். போனவன் பெயரும் மதமும் மாறி வேற்றாளாகத் திரும்புகிறான். அரசன் உயிரைக் காப்பாற்றப் பாடுபட்டவளுக்குக் கடைசியில் சொந்த மாமன் கையால் சாவு. பிறந்த குடும்பம் எது என்கிற உண்மைகூட அவளுக்கு நேரத்தில் கிடைக்கவில்லை. ஆணுக்கு வேடம் மாற்ற முடிந்தது, தப்பினான். பெண்ணுக்கு அந்த வசதியும் இல்லை. 1891-லேயே இதை எழுதிவிட்டார் சி.வி.!

3. ஒரு மாநிலத்தின் மண்ணில் இன்னொரு மாநிலத்தின் அரண்மனை நிற்கிறது, தெரியுமா?

இந்த நாவலில் வரும் பத்மநாபபுரம் இன்று தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அரண்மனையைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை! 

1956 நவம்பர் 1. மொழிவாரி மாநிலங்கள் பிறந்த நாள். தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. மார்ஷல் நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நெய்யாற்றின்கரையையும் சேர்த்துத்தான் கேட்டது. அது கேரளத்திலேயே நின்றுவிட்டது. இந்த இணைப்புக்கான போராட்டத்தில், 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. கோடு கிழித்தாயிற்று. அக்கா இந்தப் பக்கம், தங்கை அந்தப் பக்கம். வீடு தமிழ்நாட்டில், விளை கேரளத்தில். சென்னைக்குப் போனால் 'மலையாளத்தான்', திருவனந்தபுரத்துக்குப் போனால் 'பாண்டி'! இப்படி இரண்டு பக்கமும் வேற்றாளாகப் பார்க்கப்படும் மண்ணில் கதை விளையாமல் வேறு என்ன விளையும்?

4. 'நான் யார்' என்ற கேள்வி ஓர் ஆற்றங்கரையில் கல்லாக எழுந்தது, தெரியுமா?

நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்தில் அருவிப்புறம். 1888-ல் நாராயண குரு நெய்யாற்றில் முங்கி ஒரு கல்லை எடுத்து வந்து சிவலிங்கமாக நிறுவினார். கோயிலில் சாமியை நிறுவும் உரிமை யாருக்கு என்ற பல நூற்றாண்டுச் சட்டம் அந்த ஒரே இரவில் ஆட்டம் கண்டது. அதற்கு முன் அவர் எங்கே இருந்தார் தெரியுமா? கன்னியாகுமரிக்கு அருகில் மருத்துவாமலையின் குகையில், தன்னந்தனியாகத் தவத்தில்! தமிழிலும் தேவாரப் பதிகங்கள் பாடிய குரு அவர். அறிவது எது, அறியப்படுவது எது, இரண்டுக்கும் நடுவே நிற்கும் 'நான்' எது என்று நூறு பாடல்களில் துருவும் 'ஆத்மோபதேச சதகம்' அருவிப்புறக் காலத்து விளைச்சல்.

அவருடைய சீடர் குமாரன் ஆசான் அந்தக் கேள்வியைப் பெண்களிடம் கொண்டுபோனார். 1919-ல் அவர் எழுதிய காவியத்தில் சீதை வால்மீகியின் ஆசிரமத் தோட்டத்தில் தனியே உட்கார்ந்து தன் வாழ்க்கையைத் தானே விசாரிக்கிறாள். இராமனையும் விசாரிக்கிறாள்! காட்டில் விடப்பட்டவளுக்கு அந்தக் காடே நீதிமன்றமாகிவிட்டது.

5. நெய்யாற்றின்கரைக்காரர் ஒருவர் 'ஊர் இல்லாதவர்' ஆக்கப்பட்டார், தெரியுமா?

கதையை மிஞ்சிய நிஜம் இது. 1878-ல் நெய்யாற்றின்கரையில் பிறந்த பத்திரிகையாளர் கே. ராமகிருஷ்ணபிள்ளை. 'சுதேசாபிமானி' பத்திரிகையில் திருவிதாங்கூர் திவானைக் கிழி கிழியென்று கிழித்தார். 1910 செப்டம்பர் 26-ல் அச்சகம் பறிமுதல், ஆசிரியர் நாடுகடத்தல்! போலீஸ் அவரைத் திருநெல்வேலிப் பக்கம் கொண்டுபோய் விட்டது. சென்னை, பாலக்காடு, கண்ணூர் என்று சுற்றினார். அந்த அலைச்சலிலும் 1912-ல் கார்ல் மார்க்ஸின் வாழ்க்கையை மலையாளத்தில் எழுதி வெளியிட்டார் என்றால் நம்ப முடிகிறதா! 1916-ல் கண்ணூரில் இறந்தார். திருவிதாங்கூர் மண்ணை மறுபடி மிதிக்கவே இல்லை.

அவர் மனைவி பி. கல்யாணியம்மா, கணவரோடு வாழ்ந்த ஒரு வியாழவட்டத்தை, அதாவது பன்னிரண்டு ஆண்டுகளை, நினைவுக் குறிப்பாக எழுதினார். மலையாளத் தன்வரலாற்று எழுத்தில் இன்றும் பேசப்படும் நூல் அது. பிடுங்கப்பட்ட ஊர், எழுத்தில் திரும்பி வந்த கதை!

6. மலையாள சினிமாவின் முதல் நாயகி எல்லை தாண்டிப் பெயரைத் தொலைத்தாள், தெரியுமா?

மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். மலையாளத்தின் முதல் படம் 'விகதகுமாரன்'. எடுத்தவர் அகஸ்தீசுவரத்து ஜே.சி. டேனியல், தமிழ் பேசும் நாடார் குடும்பம். கதை என்ன? திருவிதாங்கூரில் கடத்தப்பட்ட ஒரு பிள்ளை இலங்கைத் தோட்டத்தில் கூலியாக வளர்கிறான். தான் யாரென்று அவனுக்கே தெரியாது. கடைசியில் உடம்பில் இருக்கும் தழும்புதான் அவனுக்குப் பெயரைத் திருப்பித் தருகிறது.

திரையில் பெயர் கிடைத்தது, திரைக்கு வெளியே பறிபோனது! நாயர் பெண்ணாக நடித்த பி.கே. ரோஸி ஒரு தலித் பெண். திருவனந்தபுரம் கேபிடல் தியேட்டரில் திரையின் மேல் கல் பறந்தது. குடிசைக்குத் தீ வைத்தார்கள். ஒரு லாரியில் ஏறித் தெற்கே ஓடினாள் என்கிறார்கள். நாகர்கோவிலில் திருமணம், பெயர் ராஜம்மாள், நடிகை என்ற பேச்சே இல்லாத மீதி வாழ்க்கை. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குப் பெருஞ்சாலை நெய்யாற்றின்கரை, பாறசாலை வழியாகத்தான் போகிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

டேனியல் சொத்தை இழந்து பல் வைத்தியம் பார்த்துப் பிழைத்தார். முதுமையில் உதவித்தொகை கேட்டபோது 'நீங்கள் தமிழ்நாட்டுக்காரர்' என்று கேரளம் கைவிரித்ததாக அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். 1975-ல் இறந்தார். பிறகு 1992-ல் கேரள அரசு அவர் பெயரிலேயே விருது ஏற்படுத்தியது! ரோஸி, வினு ஆபிரகாமின் 'நஷ்ட நாயிக' நாவலில் கதைமாந்தரானாள். 2013-ல் மலையாள இயக்குநர் கமல் எடுத்த 'செல்லுலாய்ட்' படத்தில் மீண்டும் திரைக்கு வந்தாள்.

7. பருவப் பெண்ணை வீட்டுக்குள் அடைக்கும் சங்க காலத்து இற்செறிப்பு, 1964-ல் வந்த நாவலில் ஒரு பனைவிளை வீட்டில் நடந்தது, தெரியுமா?

ஹெப்சிபா ஜேசுதாசன் பர்மாவில் பிறந்து, சிறுமியாகக் குமரி மாவட்டத்துப் புலியூர்க்குறிச்சிக்கு வந்தவர். திருவனந்தபுரத்தில் ஆங்கிலம் கற்பித்தவர். அவர் எழுதிய 'புத்தம் வீடு' 1964-ல் வந்தது. அதன் நாயகி லிஸி, பனைவிளை என்னும் கிராமத்துப் பழைய பெரிய வீட்டுப் பேத்தி. வயதுக்கு வந்தாள், பள்ளிக்கூடம் முடிந்தது! பிறகு உலகம் என்பது சன்னலும் தாத்தா கண்ணப்பச்சியின் கைத்தடிச் சத்தமும்தான். அதே பனைகளில் ஏறி அக்கானி என்னும் பதநீர் இறக்கும் குடும்பத்துத் தங்கராஜ் அவள் மனசுக்குள் வருகிறான். வீடு தேய்ந்து கடனில் கிடந்தாலும் பனையேறி மகனைக் கட்டிக்கொள்வதற்கு வீட்டுப் பெருமை இடம் கொடுக்குமா?

வியப்பு என்னவென்றால், லிஸி எங்கேயும் முழங்குவதில்லை, வீட்டை விட்டு ஓடுவதும் இல்லை. பொறுமையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நினைத்ததை அடைகிறாள். குமரி மாவட்டத்து நாடார் வாழ்வையும் அதன் பேச்சையும் முழுதாக நாவலுக்குள் கொண்டுவந்த முதல் படைப்பு என்று விமர்சகர்கள் இதைக் கொண்டாடுகிறார்கள்.

8. நாற்காலியை விட்டு எழாமலே வீட்டைத் தின்று தீர்த்தார் ஒருவர், தெரியுமா?

தேங்காய்ப்பட்டணத்தில் 1944-ல் பிறந்த தோப்பில் முஹம்மது மீரான் படித்தது மலையாளத்தில், வாழ்ந்தது மிளகாய் வத்தல் வியாபாரத்தில், எழுதியதோ தமிழில்! 'சாய்வு நாற்காலி' நாவலுக்கு 1997-ல் சாகித்ய அகாதெமி விருது.

அதில் வரும் முஸ்தபாக்கண்ணு, சௌதா மன்சில் என்ற பெருவீட்டின் கடைசி வாரிசு. முன்னோர் பவுரீன் பிள்ளை, மார்த்தாண்டவர்மாவுக்கு உதவிய வீரர்! ஆம், பலாமரப் பொந்தில் ஒளிந்த அதே அரசர்தான். சி.வி.யின் நாவலுக்கும் இதற்கும் நடுவே நூறாண்டு, இரண்டு மொழி, ஒரே அரசர். முஸ்தபாக்கண்ணுவுக்கு முன்னோர் வீரமே மூன்று வேளைச் சோறு. வாய்ருசிக்காகச் சாமான் சாமானாக விற்கிறார். சித்திர வேலைப்பாடுள்ள மரங்கள் ஒவ்வொன்றாக வாசல் தாண்டிப் போகின்றன. மனைவி மரியம் வேதனையில் வெந்து போகிறார். வீடு நிறைய ஆட்கள் இருந்தும் முஸ்தபாக்கண்ணு பேசுவது செத்துப்போன பெருமையோடு மட்டும். மற்றவர் சூட்டிய பெயரால் அவதிப்பட்டவர்கள் நடுவே, பாட்டன் பெயருக்குள் தானே போய்க் கதவைச் சாத்திக்கொண்டவர் இவர்!

9. தமிழின் புகழ்பெற்ற தனியன் ஒரு மலையாளி, அதுவும் இல்லாத மலையாளி, தெரியுமா?

சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' 1981-ல் வந்தது. ஜோசப் ஜேம்ஸ் என்ற மலையாள எழுத்தாளனைத் தேடிப் போகும் பாலு என்ற தமிழ் எழுத்தாளனின் குறிப்புகள். ஜே.ஜே. கால்பந்து ஆடுவான், சண்டை போடுவான், டயரி எழுதுவான், யாரோடும் ஒட்ட மாட்டான். இறந்த தேதிகூட உண்டு: 1960 ஜனவரி 5, வயது 39. 'அந்நியன்' எழுதிய ஆல்பெர் காம்யு கார் விபத்தில் இறந்ததற்கு மறுநாள்!

அப்படி ஒரு மலையாள எழுத்தாளர் இருந்ததே இல்லை. முழுக்கற்பனை! படைத்தவர் வாழ்க்கையும் சுவாரசியம்தான்: கோட்டயத்தில் கழிந்த சிறுவயது, பதினெட்டு வயதுவாக்கில் தானாகக் கற்றுக்கொண்ட தமிழ், மலையாளத்திலிருந்து மொழிபெயர்த்த தகழியின் 'தோட்டியின் மகன்', 'செம்மீன்'. தமிழ்ச் சூழலைச் சீண்டிப் பார்க்க எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓர் ஆளை அழைத்து வந்தார். அப்புறம் கவிஞர் ஆற்றூர் ரவிவர்மா நாவலை மலையாளத்தில் பெயர்த்தார். தமிழில் பிறந்த மலையாளி, கடைசியில் 'தாய்மொழி'க்குப் போய்ச் சேர்ந்தான்!

10. தமிழ் பேசாதவன் நாயகனாக இருக்கும் தமிழ் நாவல் உண்டு, தெரியுமா?

கேரள மின்வாரியத்தில் பொறியாளராக இருந்த நீல. பத்மநாபனின் 'பள்ளிகொண்டபுரம்', 1970. நாயகன் அனந்தன் நாயர், ஐம்பது வயதைத் தொடுகிறார். அழகான மனைவி கார்த்தியாயினி பல ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்து, வசதியான இன்னொருவரோடு போய்விட்டாள். பத்மநாபசுவாமி கோயிலில் தொடங்கி, திருவனந்தபுரத்துத் தெருக்களில் அவர் நடக்கும் சில பொழுதுகளே நாவல். ஒவ்வொரு முக்கும் ஒரு நினைவைக் கிளப்புகிறது. பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவருக்கு, அந்தப் பிள்ளைகளின் பார்வையில் தன் இடம் என்ன என்பதே கேள்வியாகிறது.

அதே நகரத்துச் சாலைக் கடைத்தெருவில் கடை நடத்திய ஆ. மாதவனின் 'கிருஷ்ணப் பருந்து' இன்னொரு தனியனைக் காட்டும். தோட்ட விளையில் ஒதுங்கி வாழும் குருஸ்வாமி, ஊருக்குச் 'சாமியப்பா'. ஊர் அவரைச் சாமியாக்கிவிட்டது. உள்ளே இருக்கும் ஆண் சாமியாக மறுக்கிறான்! ஊர் கொடுத்த மரியாதையே ஒருவனுக்குக் கூண்டாகும் வேடிக்கை அது.

11. ஒரே பெயர் கதைக்குக் கதை திரும்பி வந்து கதவைத் தட்டும், தெரியுமா?

திருவனந்தபுரம் கவடியாரில் வாழ்ந்த நகுலன், அதாவது ஆங்கிலப் பேராசிரியர் டி.கே. துரைசாமி, திருமணம் செய்துகொள்ளவில்லை. அவருடைய 'நினைவுப்பாதை', 'நாய்கள்', 'நவீனன் டைரி' எல்லாவற்றிலும் நவீனன் வருவான். அவன் ஏங்கும் சுசீலாவும் வருவாள். அவள் ஒரு பெண்ணா, ஒரு நினைப்பா என்று வாசகர்கள் இன்றும் மோதிக்கொள்கிறார்கள்!

நாஞ்சில் நாட்டு மா. அரங்கநாதனோ இன்னும் ஒருபடி மேலே போனார். அவர் கதைகளில் முத்துக்கறுப்பன் என்ற பெயர் மறுபடி மறுபடி வரும். ஒரு கதையில் சிறுவன், இன்னொன்றில் கிழவன், வேறொன்றில் நகரத்து உத்தியோகஸ்தன். ஆள் வேறு, பெயர் அதேதான்! போர்ச்சுகலில் பெர்னாண்டோ பெசோவா தன்னை எத்தனையோ கவிஞர்களாகப் பிரித்து ஆளுக்கொரு பெயரும் வாழ்க்கைக் குறிப்பும் கொடுத்தார். அங்கே ஒருவருக்குப் பல பெயர்கள். இங்கே பலருக்கு ஒரு பெயர்.

12. பெற்ற தாயே 'உட்காராதே' என்று அலறிய ஐ.ஏ.எஸ். அதிகாரி, தெரியுமா?

ஜெயமோகனின் 'அறம்' தொகுப்பில் 'நூறு நாற்காலிகள்' என்றொரு நெடுங்கதை. பார்த்தாலே தீட்டு என்று ஒதுக்கப்பட்ட நாயாடிக் குலத்தில் பிறந்த சிறுவன் காப்பன். நாராயண குரு மரபில் வந்த ஒரு சாமியார் அவனை எடுத்து வளர்த்து, தர்மபாலன் என்று பெயரிட்டுப் படிக்க வைக்கிறார். அருவிப்புறத்தில் எழுந்த கேள்வி எங்கே வந்து சேர்கிறது பார்த்தீர்களா! தர்மபாலன் ஐ.ஏ.எஸ். ஆகிறான். அலுவலகத்தில் நாற்காலி கிடைக்கிறது. சகாக்களின் கண்கள் அதை ஒவ்வொரு நாளும் பறிக்கின்றன.

பிச்சையெடுத்து வாழும் தாய்க்கு அவன் இன்னும் காப்பன்தான். தம்புரான்கள் உட்காரும் நாற்காலியில் மகன் உட்கார்ந்தால் கொன்றுவிடுவார்கள் என்று நடுங்குகிறாள். கால்சட்டையைக் கழற்றச் சொல்லிக் கெஞ்சுகிறாள். சாமியார் வைத்த பெயரும் தாய் கூப்பிடும் பெயரும் ஒரே உடம்பில் மல்லுக்கட்டுகின்றன. மலையாளத்தில் 'நூறு சிம்மாசனங்கள்' என்று வந்து அங்கேயும் அதே அளவு உலுக்கியது இந்தக் கதை.

13. வயதேறிய பிறகு விவாகரத்து கேட்டாள் ஒருத்தி, தெரியுமா?

வீட்டில் மலையாளம் பேசி வளர்ந்து தமிழில் எழுதும் ஜெயமோகன், 2012-ல் மதுபால் இயக்கிய 'ஒழிமுறி' என்ற மலையாளப் படத்துக்குத் திரைக்கதை எழுதினார். களம் பழைய தென்திருவிதாங்கூர். தாய்வழிச் சொத்துரிமையான மருமக்கத்தாயம் வழங்கிய நாயர் குடும்பங்களில் பெண்தான் தலை. அது கலைந்து ஆண் தலையெடுத்தபோது வீட்டுக்குள் என்னவெல்லாம் உடைந்தது என்பதே கதை. யானை மாதிரி நிமிர்ந்து நிற்கும் காளிப்பிள்ளை, அவள் நிழலில் வளர்ந்து பெண்களை அடக்கியே தன்னை நிரூபிக்கும் மகன் தாணுப்பிள்ளை, அடங்கி அடங்கி வாழ்ந்து கடைசியில் நீதிமன்றப் படியேறும் மருமகள்! 'இத்தனை வயதுக்கு மேல் எதற்கு?' என்று ஊர் கேட்கும் கேள்விக்கு, படம் முழுவதும் பதில். தாணுப்பிள்ளையாக நடித்த லாலுக்குத் தேசிய விருதில் சிறப்புக் குறிப்பு கிடைத்தது.

14. மூச்சு வாங்குவதற்குள் இன்னும் மூன்று!

நாஞ்சில்நாடனின் 'சதுரங்கக் குதிரை' நாயகன் நாராயணன், கல்யாணம் தள்ளித் தள்ளிப் போய் மும்பையில் தனியாக வயதேறுபவன். ஊருக்கு வந்தால் விருந்தாளி, நகரத்தில் வெளியூர்க்காரன்!

மலர்வதியின் 'தூப்புக்காரி' 2012-ல் சாகித்ய அகாதெமியின் யுவ புரஸ்கார் பெற்றது. ஆஸ்பத்திரியில் துடைப்பம் பிடிக்கும் தாயின் வேலையே மகள் பூவரசிக்கும் பெயராகிவிடுமோ என்ற பதைப்புதான் அதன் உயிர்.

அப்படியே உலகத்துக்கு ஒரு தாவல்: பூச்சியாக மாறிக் கண்விழிக்கும் கிரகோர் சாம்சாவைப் படைத்த காஃப்கா, செக் மொழி ஒலித்த பிராக் நகரில் ஜெர்மன் எழுதிய யூதர். தனியர்களைப் படைக்க எல்லைக்கோட்டுக்காரர்களை விட்டால் ஆளில்லை!

15. மாபெரும் தனியாளுக்கு மாபெரும் கூட்டம், தெரியுமா?

கடைசி வியப்பு, எல்லாவற்றுக்கும் மேலானது. இந்த இரு மொழி நிலங்களுக்கும் நடுவே முதலில் தனியே நடந்த கதாநாயகி யார்? கண்ணகி! மதுரை எரிந்த பிறகு, கணவன் இல்லை, ஊர் இல்லை. பாண்டிநாட்டை விட்டுச் சேரநாட்டு மலையேறி வேங்கை மரத்தடியில் நிற்கிறாள். குன்றத்துக் குறவர்கள் நீ யார் என்று கேட்கிறார்கள். அவள் தன்னை யாருடைய மகள் என்றோ எந்த ஊர் என்றோ சொல்வதில்லை. கணவனை இழந்தவள் என்பதே அவள் அறிமுகம். அந்தக் காப்பியத்தை எழுதிய இளங்கோவும் சேரநாட்டவர்தான்.

மதுரையிலிருந்து கொடுங்கல்லூருக்குப் போகும் வழியில் கண்ணகி தங்கிய இடமே திருவனந்தபுரத்து ஆற்றுகால் என்கிறது கோயில் ஐதீகம். கன்னியாகுமரி வழியாக வந்தாள் என்றும் சொல்கிறார்கள். அப்படியானால் இந்தச் சாலை வட்டாரத்தை மிதித்துத்தான் போயிருக்க வேண்டும்! திருவிழாவில் தோற்றம்பாட்டாக அவள் கதையைப் பாடுகிறார்கள். பொங்காலை நாளில் நெய்யாற்றின்கரை, பாறசாலை, குமரி மாவட்டம் என்று எல்லாப் பக்கத்துப் பெண்களும் மண்பானையோடு வந்து, தெருத்தெருவாகச் செங்கல் அடுப்பு மூட்டுகிறார்கள். 1997-ல் 15 லட்சம், 2009-ல் 25 லட்சம் பெண்கள்: ஒரே இடத்தில் கூடிய பெண்களின் எண்ணிக்கைக்காகக் கின்னஸ் புத்தகத்தில் ஏறியது!

யாருமற்று நின்ற ஒருத்தியை ஊர் தன்னவள் என்று சொல்ல இத்தனை நூற்றாண்டுகள் பிடித்திருக்கின்றன. லிஸியும் காப்பனும் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டாம். புத்தகக் கடையில் இரண்டும் கிடைக்கும். 'புத்தம் வீடு' ஒரு வாரத்துக்கு, 'நூறு நாற்காலிகள்' ஓர் இரவுக்கு. முதலில் எதை எடுப்பது என்று குழம்பினால், எல்லையோர மனிதர் யாரையாவது கேளுங்கள். இரண்டு மொழியிலும் பதில் வரும்!